கடல் தொட்டியில் கல்லும் பவளமும்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மீனும் பவளமும் வளர்க்கிற ஒரு உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 250 லிட்டர். அதைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் சிலர் தாங்களும் தொட்டி வைத்தார்கள். அவர்கள் தொட்டியில் ஏதாவது கோளாறு என்றால் போன் எனக்கு வரும். பெரும்பாலும் தண்ணீர் சோதனை எண்ணோடுதான் பேச்சு தொடங்கும்.

“அண்ணே, நைட்ரேட் 40க்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி மாத்துறேன்,” என்றான் லாஸ்பேட்டைத் தம்பி ஒருவன்.

“தொட்டிக்குப் பக்கவாட்டுல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புப்பா.”

“முன்னாடி இருந்து எடுத்ததே நல்லா வந்திருக்குண்ணே.”

“அது வேணாம். பக்கவாட்டுல எடு.”

முன்பக்கம் நின்று பார்த்தால் அழகு தெரியும். பக்கவாட்டில் நின்றால்தான் கல் எதன்மேல் சாய்ந்திருக்கிறது, பின்னால் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று தெரியும். அவன் அனுப்பிய படத்தில் கற்கள் காம்பவுண்டுச் சுவர் மாதிரி பின்கண்ணாடியோடு ஒட்டி நின்றன. நைட்ரேட் என்பது மீன் கழிவும் மீந்த தீனியும் அழுகி தண்ணீரில் சேரும் பொருள். அது ஏறியதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே இருந்தது.

மருந்து, புது விளக்கு, இன்னொரு ஃபில்டர் என்று காசு போடுவதற்கு முன்னால் கல் அடுக்கைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கீழே என்ன தெரிகிறதோ அதை வைத்துத் தலைப்புப் போட்டிருக்கிறேன். உங்கள் தொட்டியில் தெரிவதற்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கையை விடுவதற்கு முன்

ஹீட்டர், வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் விசிறி), மோட்டார் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். உப்புநீர் ஒயர் வழியாகவே வழிந்து பிளக் பாயிண்ட் வரை போகும். அதனால் ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலேறட்டும். சொட்டு அந்த வளைவிலேயே விழுந்துவிடும்.

கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கடைகளில் ‘ஸோவா’ என்று விற்கிற பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. கையில் சின்ன வெட்டு இருந்தால் அதன் வழியாக உடம்பில் ஏறும், கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. நம் ஊரில் எதைச் சுத்தம் செய்யவும் கொதிக்க வைப்பது பழக்கம். தொட்டியில் இருந்த கல்லை மட்டும் ஒருபோதும் அடுப்பில் ஏற்றாதீர்கள். கொதிக்கும்போது எழும் ஆவியோடு அந்த நஞ்சும் வரும். மூடிய சமையலறையில் அதை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். கல்லில் பாசி அதிகமாகிவிட்டால் தனி வாளியில் உப்புநீர் ஊற்றி, வெளிச்சம் படாமல் மூடி, சின்ன மோட்டார் ஓடவிட்டுச் சில வாரம் வைத்தால் போதும்.

மாற்று உப்புநீரை முந்தின நாளே கலக்கி வையுங்கள். அடர்த்தி 1.025, வெப்பம் தொட்டியில் உள்ளதே. கல்லை அசைத்தால் தண்ணீர் கெடும், அந்த நேரத்தில் உப்புப் பாக்கெட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நைட்ரேட் இறங்கவில்லை, கல்லின் பின்னால் பழுப்பு வண்டல்

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் இருந்து கல்லுக்குப் பின்னால் அடியுங்கள். பூனை முடி மாதிரி மிருதுவான பழுப்பு வண்டல் படிந்திருக்கும். ஊசி இல்லாத 50 மில்லி சிரிஞ்சில் தொட்டித் தண்ணீரையே இழுத்து கல் இடுக்கில் பீச்சுங்கள். மேகம் மாதிரி எழுந்தால் காரணம் பிடிபட்டது.

நைட்ரேட்டைக் குறைப்பதே கல்லின் வேலைதான். நுண்துளை உள்ள கல்லின் உட்பகுதியில் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விடுகிறது. அதற்குத் தண்ணீர் கல்லுக்குள் மெல்ல ஊறிப் போய்வர வேண்டும். வண்டல் துளைகளை அடைத்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகும். போதாததற்கு வண்டலே அழுகி இன்னும் நைட்ரேட் தரும். இரண்டு பக்கமும் அடி. அதனால்தான் தம்பி எத்தனை வாளி மாற்றினாலும் எண் அசையவில்லை.

இடைவெளி எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய நம் ஊர்க் கடற்கரைச் சாலைக்கே போகலாம். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புகள் வடக்கே நகர்கிற மணலை மறித்ததால் நகரத்தின் மணல் கரை அரித்துப் போனது. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அந்தக் கற்கள் உள்ள இடத்தில் பத்து நிமிடம் குனிந்து நின்று பாருங்கள். இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு கை அகலம் இருக்கிற இடத்தில் அலை உள்ளே போய், சுழன்று, சத்தத்தோடு திரும்பி வருகிறது. அங்கே கல் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். கல்லும் கல்லும் முகத்தோடு முகம் ஒட்டிய இடத்தில் பிளாஸ்டிக் உறை, தேங்காய் நார், செருப்பு எல்லாம் சொருகிக் கிடக்கும். நான் தொட்டியில் கல் அடுக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஆகவே பின்கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே குறைந்தது 7 சென்டிமீட்டர் விடுங்கள். முன்பக்கமும் அதே அளவு, இல்லாவிட்டால் காந்தத் துடைப்பான் நுழையாது. மொத்தத்தையும் ஒரே குவியலாக வைக்காமல் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்று இரண்டு திட்டாகப் பிரியுங்கள், நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கட்டும். கல்லின் அளவையும் குறைக்கலாம். 100 லிட்டருக்கு 12 கிலோ என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. லேசான, நுண்துளை நிறைந்த கல்லாக இருந்தால் அதில் பாதியே போதும் என்பது என் அனுபவம். தம்பி 8 கிலோ கல்லை எடுத்து வாளியில் வைத்துவிட்டு மீதியைத் திறந்து அடுக்கினான். ஒரேயடியாக எடுக்காமல் மூன்று வாரத்தில் மூன்று தடவையாக எடுக்கச் சொன்னேன், ஏனென்றால் பாக்டீரியாவும் அந்தக் கல்லோடுதான் வெளியே போகிறது. இரண்டு மாதத்தில் நைட்ரேட் 15க்கு வந்தது. மென்பவளத்துக்கு (கல் எலும்புக்கூடு கட்டாத பவளம்) 5 முதல் 15 வரை நல்ல இடம். சுழியத்துக்குக் கொண்டுபோக முயல வேண்டாம், அவை பட்டினி கிடக்கும்.

கல்லில் சிவப்புப் படலம்

முதலில் எது என்று பிரித்தறியுங்கள். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும் பழுப்பு என்றால் அது டயட்டம் என்கிற நுண்பாசி. புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதத்தில் வந்து தானாகப் போய்விடும், ஒன்றும் செய்ய வேண்டாம். பாலாடை மாதிரி ஒரே தாளாக உரிந்து வந்து, மதியத்தில் அதன்மேல் சிறு சிறு குமிழிகள் நின்றால் அது சயனோபாக்டீரியா. பாசி என்று பெயர் சொன்னாலும் அது பாக்டீரியாதான்.

சயனோ எங்கே படிகிறதோ அங்கே நீரோட்டம் செத்திருக்கிறது. எனக்கு அது ஒரு வரைபடம் மாதிரி உதவும். மூங்கில் குச்சி ஒன்றின் முனையில் பச்சைத் தையல் நூலை ஒரு சாண் நீளத்துக்குக் கட்டி, படலம் உள்ள இடத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் ஆடாமல் தொங்கும். அரை அடி தள்ளிப் பிடித்தால் படபடக்கும். எந்தக் கல் நீரை மறிக்கிறது என்று நூலே காட்டிவிடும்.

அந்தக் கல்லைத் திருப்புங்கள், அல்லது வேவ்மேக்கரின் முகத்தை மாற்றுங்கள். இரண்டு வேவ்மேக்கர் இருந்தால் எதிரெதிராக வைத்து மாறி மாறி ஓடவிடுவது நல்லது. படலத்தை மெல்லிய குழாயால் உறிஞ்சி வெளியே எடுத்துவிட்டு, மூன்று நாள் விளக்கைப் போடாதீர்கள். மென்பவளங்கள் தாங்கும். இதைச் செய்யாமல் நேராக மருந்து ஊற்றினால் படலம் போகும், ஒரு மாதத்தில் அதே இடத்தில் திரும்பி வரும்.

கல் ஆடுகிறது, அல்லது இரவில் ‘டொக்’ என்று சத்தம்

இதை நான் நேரில் பட்டிருக்கிறேன். தொட்டி வைத்த முதல் வருடம். அழகாக மணலைப் பரப்பி, அதன்மேல் கல்லை அடுக்கியிருந்தேன். பிறகு ஒரு பிஸ்டல் இறாலும் அதன் கூட்டாளியான கோபி மீனும் வாங்கி விட்டேன். இறால் நாள் முழுக்கப் பள்ளம் தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ‘டொக்’ என்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மேலே இருந்த தேங்காய் அளவுக் கல் முன்கண்ணாடியில் சாய்ந்து நிற்கிறது. அடிக்கல்லின் கீழே விரலை விட்டேன். மூன்று விரல் ஆழத்துக்கு மணலே இல்லை, வெறும் குகை. கண்ணாடி உடையவில்லை, உட்புறம் ஒரு கீறல் மட்டும் விழுந்தது. இன்றைக்கும் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கீறல் தெரியும். கல்லுக்கு அடியில் சிக்கிய மஷ்ரூம் பவளங்கள் நான்கும் நசுங்கிப் போயின.

அதனால் சொல்கிறேன். கல் மணல்மேல் உட்காரவே கூடாது. முதலில் அடிக்கண்ணாடியில் மெல்லிய அக்ரிலிக் தகடு, அதன்மேல் கல், கடைசியில்தான் மணல். மணலைச் சுற்றிலும் கொட்டினால் போதும். பிறகு எந்த இறால் எவ்வளவு தோண்டினாலும் கல் இருக்கிற இடத்தில் இருக்கும்.

இப்போது ஆடுகிற கல்லை என்ன செய்வது? மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். எந்தக் கல்லும் மூன்று இடத்தில் ஊன்றி நிற்க வேண்டும். இரண்டு இடத்தில் ஊன்றினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். சும்மா திருப்பி வைத்தாலே பாதிக் கல் உட்கார்ந்துவிடும். உட்காராததை அடியில் சின்ன கல் துண்டு கொடுத்து எபாக்ஸியால் (இரண்டு பொருளைக் கலந்து இறுக வைக்கும் பசை) இறுக்குங்கள்.

முழுதாகப் பிரித்துத் திரும்ப அடுக்குவதாக இருந்தால் தொட்டிக்குள் வைத்துப் பழகாதீர்கள். மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் தொட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதன் உள்ளே இன்னொரு கோடு 7 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டு, அந்த உள்கோட்டுக்குள் கல்லை அடுக்கிப் பாருங்கள். உயரம் தண்ணீர் மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டாம். பவளம் வளரும் என்பதை மறந்துவிடுகிறோம், இன்று ஒரு ரூபாய் அளவில் இருக்கிற லெதர் பவளம் இரண்டு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்துவிடும். வளைவு, தொங்கு பாறை எல்லாம் வேண்டும் என்றால் டிரில்லில் மேசன் பிட் போட்டுக் கல்லைத் துளைத்து ஃபைபர் கிளாஸ் கம்பி அல்லது அக்ரிலிக் கம்பியைச் செருகி எபாக்ஸி பூசுங்கள். எவர்சில்வர் கம்பி துருப்பிடிக்காது என்று சொல்லிக் கொடுப்பார்கள். உப்புநீரில் அதுவும் துருப்பிடிக்கும்.

ஏற்கெனவே ஓடுகிற தொட்டி என்றால் இன்னொன்று. பழைய மணலைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனைக் கொல்லும். மீன்களை வாளிக்கு மாற்றி, அந்தப் பகுதி மணலைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர வேண்டும். அடுத்த மூன்று நாள் காலையும் மாலையும் அம்மோனியா பாருங்கள்.

பவளம் விரியவில்லை

லெதர் பவளமா? மேலே மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று, சுருங்கி, பார்க்கச் செத்த மாதிரி இருக்கிறதா? பெரும்பாலும் தோல் உரிக்கிறது. நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேல்கூட அப்படி நிற்கும். அதை எடுத்துக் கழுவுவது, வேறு இடத்தில் வைப்பது எதுவும் வேண்டாம். அதன்மேல் நீரோட்டம் கொஞ்சம் கூடுதலாகப் படும்படி செய்தால் பழந்தோல் சீக்கிரம் போய்விடும். பயந்துபோய் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பவளத்தைச் சாகடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால் அந்தப் பக்கத்தில்தான் காரணம். வேவ்மேக்கர் நேராக அடிக்கிறது, அல்லது பக்கத்துப் பவளம் தொடுகிறது, அல்லது மேல்கல்லின் நிழல் விழுகிறது. ஸோவாவின் தண்டு கொக்குக் கழுத்து மாதிரி நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. தரையோடு தட்டையாக அப்பிக்கொண்டால் வெளிச்சம் அதிகம்.

எல்லாப் பவளமும் ஒரே நாளில் மூடிக்கொண்டால் கல்லைத் தொடாதீர்கள். அது தண்ணீர் விஷயம். உப்பு அடர்த்தி, வெப்பம், காரத்தன்மை மூன்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் கடலில் இருந்து தண்ணீர் எடுத்து ஊற்றியிருந்தால் அதுவாகவே இருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி எல்லாம் வெள்ளத்தோடு கடலில் கலக்கும்போது கரையோர நீரின் உவர்ப்பு இறங்கிவிடும், சேறும் சேர்ந்து வரும். கடல் பக்கத்திலேயே இருந்தும் ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலக்கித்தான் நான் பயன்படுத்துகிறேன். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

நிறம் போகிறது

பழுப்பாகிறதா, வெளுக்கிறதா? இரண்டுக்கும் எதிரெதிர் வைத்தியம்.

பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. வெளிச்சம் குறைந்தால், அல்லது தண்ணீரில் சத்து மிகுந்தால் அந்தப் பாசி பெருகிப் பவளம் பழுப்பாகத் தெரியும். வெளிச்சம் அளவுக்கு மீறினால், அல்லது வெப்பம் ஏறினால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளையாகும். பழுப்பானதை ஒரு படி மேலே ஏற்றுங்கள், வெளுத்ததை ஒரு படி கீழே இறக்குங்கள். ஒரு படி என்றால் ஒரு சாண், அதற்கு மேல் இல்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த படி. புதிதாக வாங்கியதை எப்போதும் மணலில் வைத்துத் தொடங்கி மேலே கொண்டுபோக வேண்டும். மஷ்ரூம் அடியில், நிழல் சாய்ந்த இடத்தில், ஸோவா நடுவில், லெதர் மேல் பாதியில் என்பது நான் வைக்கிற வரிசை.

மேயில் வெளுத்தால் விளக்கைக் குறை சொல்வதற்கு முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். நம் ஊரில் அந்த மாதம் தொட்டி 30 டிகிரியைத் தாண்டிப் பல நாள் அப்படியே நிற்கும். 25, 26 என்று வைத்துக்கொள்ளச் சில்லர் வேண்டும். அதற்கு வழி இல்லையென்றால் தண்ணீர்ப் பரப்பின்மேல் காற்றாடி வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாகத் தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒட்டின பவளம் கழன்று விழுகிறது

பசையைக் குறை சொல்கிறோம், ஆனால் பெரும்பாலும் கல்லின்மேல் இருக்கும் பாசிதான் காரணம். பசை பாசியைப் பிடிக்கிறது, பாசி கல்லை விடுகிறது. பழைய டூத் பிரஷ்ஷால் ஒட்டுமிடத்தைக் கல்லின் நிறம் தெரியும்வரை தேயுங்கள்.

அப்புறம் இப்படிச் செய்யுங்கள். சாதாரண ஃபெவிக்விக் தண்ணியாக ஓடிக் கல்லுக்குள் போய்விடும். ஜெல்லாக வருகிற சூப்பர் க்ளூதான் வேண்டும். எபாக்ஸி புட்டி மீன் தொட்டிக்கு என்று எழுதியதாக இருக்கட்டும். புட்டியை நெல்லிக்காய் அளவு எடுத்து இரண்டு நிறமும் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். பவளத்தின் அடிப்பகுதியைத் தண்ணீருக்கு வெளியே டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து அதில் ஜெல், ஜெல்லின்மேல் புட்டி உருண்டை, உருண்டையின் அடியில் மறுபடி ஜெல். மோட்டார் நின்றிருக்க, கல்லில் அழுத்தி, ஜாடி மூடியைத் திருகுவது மாதிரி கால் சுற்று சுற்றுங்கள். ஜெல்லின்மேல் தண்ணீர் பட்டதும் வெள்ளையாக ஒரு தோல் கட்டும். அந்தச் சுற்றலில் தோல் கிழிந்து உள்ளே இருக்கிற பச்சைப் பசை கல்லைப் பிடிக்கும். கையை எடுக்காமல் இரண்டு நிமிடம். விட்டபின் விரல் நுனியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள், பவளம் ஆடலாம், அடி ஆடக் கூடாது. அன்று ஸ்கிம்மரில் (கழிவை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) நுரை பொங்கி வழியும். எபாக்ஸியால் வருவது அது, மறுநாள் அடங்கிவிடும்.

மஷ்ரூமுக்கு எந்தப் பசையும் ஆகாது, வழவழப்பை விட்டுக் கழன்றுகொள்ளும். ஒரு பிளாஸ்டிக் கப்பில் கல் துகள் போட்டு, மஷ்ரூமை அதன்மேல் விட்டு, கொசுவலைத் துணியால் மூடி ரப்பர் பேண்டு போட்டு ஓட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். பத்து நாளில் தானாக ஒரு துகளைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துகளை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். வெட்டிய லெதர் துண்டைத் தூண்டில் நரம்பால் கல்லோடு தளர்வாகக் கட்டிவிடுங்கள்.

அனிமோன் (கடல் சாமந்தி) இடம் மாறி நடந்தால் அதை விட்டுவிடுங்கள். பபிள் டிப் வகை தன் காலை ஒளித்துக்கொள்ள ஒரு பொந்து தேடுகிறது. கல் அடுக்கில் இரண்டு விரல் நுழையும் ஆழமான பொந்து ஒன்று வைத்தால் அங்கேயே நிற்கும். அதுவரை வேவ்மேக்கர் வாயில் வலை கட்டுங்கள். உள்ளே இழுக்கப்பட்ட அனிமோன் ஒரே இரவில் தொட்டியையே கெடுத்துவிடும்.

ஒன்று வளர்கிறது, பக்கத்தில் உள்ளது கருகுகிறது

பவளங்களுக்கு நடுவே ஒரு கை அகலம் விடுங்கள். லெதர் வகைகள் தொடாமலேயே தண்ணீரில் வேதிப்பொருள் கசியவிட்டு மற்றதை ஒடுக்கும், அதற்கு ஆக்டிவேட்டட் கார்பன் வைத்து மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். கிரீன் ஸ்டார், ஸீனியா என்ற மென்பவளங்கள் இரண்டும் கொடி மாதிரி படர்ந்து எல்லாவற்றையும் மூடும். அவற்றை முக்கிய அடுக்கில் ஒட்டவே ஒட்டாதீர்கள். மணலின் நடுவில் தனிக்கல் ஒன்று வைத்து அதில் விடுங்கள். ஏற்கெனவே படர்ந்துவிட்டதென்றால் பாயை உரிப்பது மாதிரி ஓரத்தில் பிடித்து உரித்துச் சுரண்டி எடுக்க வேண்டும், ஒரு துணுக்கு மிஞ்சினாலும் மறுபடி வரும்.

கல்லே சரியில்லை

தண்ணீர் மஞ்சளாகிறது, எவ்வளவு துடைத்தாலும் பாசி அடங்கவில்லை, பாஸ்பேட் இறங்கவில்லை என்றால் கல் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். கோரிமேடு, ஆரோவில் பக்கம் கிடைக்கிற செம்மண் கல் பார்க்க அழகாக இருக்கும். அதில் இரும்பு இருக்கிறது, வேண்டாம். திருவக்கரைப் பக்கத்துக் கல்மரத் துண்டை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட புதைபடிவம். சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க வினிகர் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். நுரைத்தாலும் களிமண் கலந்திருக்கலாம், துளையும் இருக்காது.

இராமேஸ்வரத்தில் வாங்கினது, மண்டபத்தில் இருந்து ஒருவர் கொண்டுவந்தது என்று பவளக் கல்லைக் கொடுப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் வெறும் எலும்பாக இருந்தாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தாங்குகிற பாறையை எடுத்தால் கரை நிற்காது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் தொட்டியில் முழுக்கச் செராமிக் கல்லும், செய்து விற்கிற டிரை ராக் என்ற உலர் கல்லும்தான். வாங்கியவுடன் தொட்டியில் போடாமல் இருட்டில், உப்புநீரில் ஆறு வாரம் ஊறவைத்து, பாட்டில் பாக்டீரியா சேர்த்து, வாரா வாரம் தண்ணீர் மாற்றி, பாஸ்பேட் இறங்கினபின் வைத்தேன். ஒரு வருடத்தில் கல்லில் ஊதாநிறப் பாசிப் பூச்சு ஏறி, கடலில் இருந்து எடுத்த கல்லா என்று கேட்கிறார்கள். கோமாளி மீனும் அப்படித்தான், பண்ணையில் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள். அதைப் பொரித்து வளர்க்கிற ஆராய்ச்சி பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் நடந்திருக்கிறது.

மீன்கள் ஒரே மூலையில் ஒதுங்குகின்றன

பொந்து போதவில்லை, அல்லது எல்லாப் பொந்தும் ஒருவனுக்கே தெரிகிற மாதிரி இருக்கிறது. ஒரு மீன் நிற்கும் இடத்தில் இருந்து மற்றதன் இடம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு கல்லைக் குறுக்கே வைத்தாலே துரத்தல் பாதி குறையும். ஒவ்வொரு பொந்துக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும்.

புயல், மின்வெட்டு: தொட்டி திணறுகிறது

மீன்கள் தண்ணீர்ப் பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஆக்சிஜன் தீர்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் மறுநாள் இரவு வரை கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்பு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றின் காற்றுக்கல்லைத் தொட்டியின் ஓரத்தில் போட்டேன், இன்னொன்றின் கல்லை அடுக்கின் நடு வாய்க்காலுக்குள் இறக்கினேன். குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும், அடுக்கு திறந்திருப்பதால் பின்னால் இருக்கும் தண்ணீர் தானாக நடுவுக்கு வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பின்பக்கம் நூலைப் பிடித்துப் பார்த்தேன். மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் மீனுக்குத் தீனி போடாதீர்கள், விளக்கு தேவையில்லை, ஸ்கிம்மரை மறந்துவிடுங்கள். பேட்டரிப் பம்பு இல்லையென்றால் சொம்பால் தண்ணீரை எடுத்து ஒரு அடி உயரத்தில் இருந்து ஊற்றுங்கள், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், வீட்டில் ஆள் மாற்றி ஆள். கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாமல் முதலில் வேவ்மேக்கரை மட்டும் போடுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் இருந்தால் அதற்குள் நின்றுபோன தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் போய் நின்று கல்லின் பின்னால் பாருங்கள்.